பதினெட்டு மாசம் சம்பளம் வாங்காத பட்டாளம்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி (1861-65) வாசிக்கிற கிறுக்கு எனக்குக் கொஞ்ச வருஷமாகவே உண்டு. பெரிய தளபதிகளின் கதையை விட ரெஜிமெண்ட் வரலாறுகள்தான் எனக்குப் பிடிக்கும். ஃப்ரெடரிக் டயர்னு ஒருத்தர். அவரே அந்தப் போரில் இருந்தவர். 1908-ல் ஒரு தலைகாணி சைஸ் தொகுப்பு போட்டார். வடக்குத் தரப்பில் சண்டை போட்ட ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் அதில் ஒரு பத்தி. எந்த ஊரில் ஆள் சேர்த்தார்கள், எப்போ கிளம்பினார்கள், எங்கே சண்டை, எப்போ கலைத்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள். அவ்வளவுதான். கண்டக்டர் ஸ்டாப் பேர் சொல்லிக்கிட்டே போற மாதிரி இருக்கும்.

மாசசூசெட்ஸ் 54-வது காலாட்படையின் வரலாறும் அப்படித்தான். சுருக்கமாச் சொன்னா இவ்வளவுதான்: 1863 மார்ச் 30-லிருந்து மே 13 வரை ரெட்வில்லில் திரட்டப்பட்டது. மே 28 பாஸ்டனிலிருந்து கப்பல். ஜூன் 3 தெற்கு கரோலினா. ஜூலை 18 வாக்னர் கோட்டைத் தாக்குதல். 1864 பிப்ரவரி 20 ஃப்ளோரிடாவில் ஒலஸ்டீ. நவம்பர் 30 ஹனி ஹில். 1865 ஏப்ரல் 18 பாய்கின்ஸ் மில். ஆகஸ்ட் 20 கலைக்கப்பட்டது. இறந்தவர்கள் 270 பேர். அதில் பாதிக்கு மேல் நோயில்.

எல்லாம் சரி. ஆனா அந்த ரெஜிமெண்ட் செய்த ஆகப் பெரிய காரியம் இந்தப் பட்டியலில் இல்லை. ஏன்னா அது எந்த ஊரிலும் நடந்த சண்டை இல்லை. அதில் எதிரி தெற்கத்தியானும் இல்லை. அவர்கள் சொந்த அரசாங்கம் நீட்டிய சம்பளத்தை வேண்டாம்னு சொன்னார்கள். ஒரு மாசம் ரெண்டு மாசம் இல்லீங்க, ஏறக்குறைய பதினெட்டு மாசம்!

வாக்னர் கோட்டையை விட இதுதான் பெரிய வீரம் என்பது என் கட்சி. ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் பின்கதை. தெரிஞ்சவங்க ரெண்டு பத்தி தாண்டிப் போயிடலாம்.

அந்தப் போரில் "வாலண்டியர் காலாட்படை"ன்னா என்ன? அமெரிக்காவின் நிரந்தர ராணுவம் அப்போ ரொம்பச் சின்னது. அதனால் ஒவ்வொரு மாநில கவர்னரும் தன் ஊர்க்காரர்களைத் திரட்டி, ரெஜிமெண்ட் ரெஜிமெண்டா மத்திய அரசுக்குக் கொடுத்தார்கள். ஒரு ரெஜிமெண்டில் ஆயிரம் பேர் சொச்சம். தானாக வந்து சேர்ந்ததால் வாலண்டியர். சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறவர்னு அர்த்தம் இல்லை. சிப்பாய்க்கு மாசம் 13 டாலர், அதுக்கு மேலே துணிமணிக்கு மூன்றரை டாலர் படி. (கடைசியில் நம்ம ஆட்கள் விஷயத்தில் அந்த வார்த்தைக்கு நிஜமாவே 'சம்பளம் இல்லாதவன்'னு அர்த்தம் ஆயிடுச்சு. அது வேற கதை. இல்லை, அதே கதைதான்.)

போர் தொடங்கி ரெண்டு வருஷம் கறுப்பினத்தவரைச் சிப்பாயாகச் சேர்க்க வாஷிங்டனுக்குத் தயக்கம். 1863 ஜனவரி 1-ல் லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் வந்தது. அந்த மாசக் கடைசியிலேயே மாசசூசெட்ஸ் கவர்னர் ஜான் ஆண்ட்ரூ அனுமதி வாங்கிவிட்டார். அவர் மாநிலத்தில் கறுப்பினத்தவர் கொஞ்சம் பேர்தான். அதனால் பென்சில்வேனியா, நியூயார்க், ஒஹையோ, கனடான்னு ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டினார்கள். திரட்டியவர்களில் ஒருத்தர் ஃப்ரெடரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து, தப்பி ஓடி, அந்தக் காலத்தின் மிகப் பெரிய கறுப்பினப் பேச்சாளராக ஆனவர். ஊருக்கு உபதேசம் பண்ணிட்டு வீட்டுப் பிள்ளைகளை ஒளிச்சு வைக்கிற ஆள் இல்லை. தன் மகன்கள் லூயிஸ், சார்ல்ஸ் ரெண்டு பேரையும் முதலில் சேர்த்துவிட்டார்.

அதிகாரிகள் எல்லாரும் வெள்ளையர். கர்னல் ராபர்ட் கூல்ட் ஷா, 25 வயசு, பாஸ்டன் பணக்கார வீட்டுப் பையன். சேர்ந்தவர்களிடம் சொன்னது இதுதான்: மற்ற சிப்பாய்களுக்கு உள்ள அதே சம்பளம், அதே படி, அதே மரியாதை. கவர்னரே வாக்குக் கொடுத்தார். யுத்த மந்திரி ஸ்டாண்டனும் அப்படித்தான் சொன்னார்னு கவர்னர் நம்பினார்.

கோளாறு எங்கே வந்தது? 1862 ஜூலை 17-ல் போட்ட ஒரு சட்டத்தில். கறுப்பினத்தவரை ராணுவத்தில் கூலிகளாக வைத்துக்கொள்ள நினைத்துப் போட்ட சட்டம் அது. மண்வெட்டி, மூட்டை, சமையல் வேலைக்கு. அவர்களுக்கு மாசம் 10 டாலர். அதில் 3 டாலர் துணிக்குப் பிடித்தம். கையில் வருவது 7 டாலர். துப்பாக்கி ஏந்திச் சண்டைக்குப் போகிற கறுப்பினச் சிப்பாய்க்கும் இதே சட்டம்தான் பொருந்தும்னு 1863 ஜூனில் யுத்த இலாகா முடிவு பண்ணிடுச்சு.

கணக்கு பாருங்க. வெள்ளைச் சிப்பாய்க்கு 13 டாலரும் மேலே துணிப்படியும். இவருக்கு 7 டாலர். பாதி கூட ஒழுங்கா இல்லை. இன்னும் வேடிக்கை, பதவி உயர்வுக்கும் இதில் அர்த்தம் கிடையாது. வெள்ளையர் ரெஜிமெண்டில் சார்ஜண்ட் மேஜருக்கு 21 டாலர். 54-வது ரெஜிமெண்டின் சார்ஜண்ட் மேஜர் லூயிஸ் டக்ளஸுக்கு அதே பத்து, பிடித்தம் போக ஏழு. அந்த ரெஜிமெண்டின் பாதிரியார் சாமுவேல் ஹாரிசனும் கறுப்பினத்தவர். ராணுவப் பாதிரியாருக்கு மாசம் 100 டாலர். அவருக்கும் பத்து டாலர்தான் தருவோம்னாங்க, கூலிக் கணக்கில்! ஆக, சட்டத்தின் கண்ணில் நீ பாதிரியோ சார்ஜண்டோ இல்லை, கூலி.

இந்த நிலைமையில்தான் அவர்கள் வாக்னர் கோட்டைக்குப் போனார்கள்.

வாக்னர் கதை பலருக்கும் தெரியும். 'க்ளோரி'ன்னு 1989-ல் வந்த படம். டென்சல் வாஷிங்டனுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த படம். சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வாசலில் மோரிஸ் தீவு. அதில் மண்ணும் மணலும் குவித்துக் கட்டிய கோட்டை வாக்னர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சதுப்பு, நடுவில் குறுகலான மணல் துண்டு. ஜூலை 18 பகல் முழுக்க பீரங்கியால் அடித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் பதுங்கு அறைகளில் பத்திரமா இருந்தார்கள். இருட்டுகிற நேரத்தில் 54-வது ரெஜிமெண்டின் சுமார் 600 பேர் எல்லாருக்கும் முன்னால் ஓடினார்கள். கொல்லப்பட்டவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து 270-க்கு மேல். கர்னல் ஷா கோட்டைச் சுவரின் மேல் ஏறி நின்ற இடத்தில் செத்தார். அவரை அவர் சிப்பாய்களோடு ஒரே குழியில் போட்டு மூடினார்கள். அவமானப்படுத்துவதாக நினைத்துச் செய்த காரியம். பின்னாளில் உடலை எடுக்கலாமான்னு பேச்சு வந்தபோது, அவன் ஆட்களோடயே இருக்கட்டும்னு அவர் அப்பா சொல்லிட்டார்.

மேலதிகாரிகள் எல்லாரும் விழுந்துவிட்டதால் அன்றிரவு மிச்சப் படைக்குத் தலைமை ஏற்றது லூயிஸ் எமிலியோ என்ற 18 வயசு கேப்டன். பின்னாளில், 1891-ல், இந்த ரெஜிமெண்டின் முழு வரலாற்றையும் எழுதியவர் அவர்தான்.

இதே வாரத்தில் நியூயார்க்கில் என்ன நடந்தது தெரியுமா? ஜூலை 13-லிருந்து 16 வரை கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்துக் கலவரம். கறுப்பினத்தவரைத் தெருவில் பிடித்து அடித்துக் கொன்றார்கள். 54-வது ரெஜிமெண்டின் சார்ஜண்ட் ராபர்ட் சிம்மன்ஸின் உறவுக்காரச் சிறுவனும் அதில் செத்தான். அதே வாரம் சிம்மன்ஸ் வாக்னரில் படுகாயப்பட்டு, எதிரியிடம் பிடிபட்டு, பின்னர் செத்தார். நாட்டுக்காக ஒருத்தன் குண்டடிபட, அந்த நாட்டின் பெரிய நகரத்தில் அவன் வீட்டுப் பிள்ளையை அடித்துக் கொல்கிறார்கள். இதுக்கு மேல நான் என்ன எழுத!

படம் இங்கே முடிஞ்சிடும். ஜனங்க கண்ணைத் துடைச்சிக்கிட்டு எழுந்திடுவாங்க. எனக்கு அந்தப் படத்தோட முதல் சண்டை இங்கேதான். உண்மைக் கதை இதுக்கு அப்புறம்தான் சூடு பிடிக்குது.

வாக்னரில் பிழைத்தவர்கள் கையில் என்ன கொடுத்தார்கள்? மண்வெட்டி. அந்தக் கோட்டையை நேரடித் தாக்குதலில் பிடிக்க முடியாதுன்னு தெரிஞ்சதும் பதுங்கு குழி வெட்டி வெட்டி நெருங்கினார்கள். ஆகஸ்ட் வெயிலில், தலைக்கு மேல் குண்டு பறக்க, ராத்திரி பகலா மண் வேலை. செப்டம்பர் 7 வாக்கில் எதிரி கோட்டையைக் காலி பண்ணிட்டுப் போயிட்டான். இதுக்கு நடுவில் சம்பள அதிகாரி வந்தார். பத்து டாலர் கணக்கு, பிடித்தம் போக ஏழு. வாங்கிக்கோ.

மாட்டோம்னாங்க.

மறுபடி வந்தார். மறுபடியும் மாட்டோம்.

செப்டம்பர் 28-ஆம் தேதி மோரிஸ் தீவு முகாமிலிருந்து ஜேம்ஸ் ஹென்றி குடிங் என்ற கார்ப்பரல் நேரா ஜனாதிபதி லிங்கனுக்கே ஒரு கடிதம் எழுதினார். சேர்வதற்கு முன்னால் திமிங்கில வேட்டைக் கப்பலில் வேலை பார்த்த ஆள். ஊர்ப் பத்திரிகைக்குப் போர்முனையிலிருந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர். (நம்ம ஜாதி!) அந்தக் கடிதத்தின் சாரம் ஒரே கேள்வி: நாங்கள் சிப்பாய்களா, கூலிகளா? சிப்பாய் செய்கிற வேலையைச் செய்தோம், சிப்பாய்க்கு உள்ள கூலியைக் கொடுங்கள். அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. கணக்குப் பிள்ளை பாக்கிக் கணக்கைத் திருத்தச் சொல்கிற மாதிரி ஒரு கடிதம்.

லிங்கனை இதில் முழு வில்லனாக்கவும் முடியாது. அதுக்கு முந்தின மாசமே டக்ளஸ் அவரைப் போய்ப் பார்த்து இதே விஷயத்தைப் பேசியிருந்தார். கறுப்பினத்தவரைச் சிப்பாயாகச் சேர்த்ததையே வெள்ளை ஜனங்க ஜீரணிக்கலை, அதுக்காகக் கொடுத்த விலைதான் இந்தக் குறைஞ்ச சம்பளம், கடைசியில் சமமாகும் என்கிற ரீதியில் லிங்கன் பதில் சொன்னார். அரசியல்வாதியா அது நியாயமான பதிலாக் கூட இருக்கலாம். ஆனா அந்த விலையை யார் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார்? வாக்னர் மணலில் கிடந்தவன் பாக்கெட்டிலிருந்து. பொறுத்திருன்னு சொல்றவன் வயிறு நிறைஞ்சவனாத்தான் எப்பவும் இருக்கான்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம்.

கவர்னர் ஆண்ட்ரூ தான் கொடுத்த வாக்குப் பொய்த்ததில் குன்றிப் போனார். 1863 நவம்பரில் மாநில சட்டசபையைக் கூட்டி ஒரு சட்டம் போட வைத்தார். மத்திய அரசு கொடுப்பது போக மீதி வித்தியாசத்தை மாசசூசெட்ஸ் அரசே தன் கஜானாவிலிருந்து கொடுக்கும். டிசம்பரில் மாநில அதிகாரிகள் பணத்தோட முகாமுக்கே வந்தார்கள். கூட்டிக் கழிச்சுப் பார்த்தா முழு 13 டாலரும் கைக்கு வந்துடும். பிரச்னை தீர்ந்தது, இல்லையா?

அதையும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க!

முதல் தடவை இதைப் படிச்சப்ப எனக்கே எரிச்சலாத்தான் இருந்தது. இது என்ன வறட்டுப் பிடிவாதம்? பணம் எந்தக் கையிலிருந்து வந்தா என்ன? ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள் கஷ்டப்படறாங்க. புருஷன் பட்டாளத்தில் இருக்க, தர்மச் சத்திரத்தில் போய் நிற்கிற நிலைமை சில குடும்பங்களுக்கு. அங்கே நீ தன்மானம் பேசிக்கிட்டு இருக்கே?

அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது. நாங்கள் மாசசூசெட்ஸுக்கு மட்டும் சேரவில்லை, அமெரிக்க ஐக்கிய நாட்டின் சிப்பாய்களாகச் சேர்ந்தோம். மீதியை மாநிலம் கொடுத்து நாங்கள் வாங்கிக்கொண்டால் என்ன ஆகும்? இந்த நாட்டின் கணக்குப் புத்தகத்தில் கறுப்பினச் சிப்பாயின் மதிப்பு ஏழு டாலர்தான்னு நாங்களே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகும். மேலே வருகிற ஆறு டாலர் நல்ல மனசுக்காரர் போட்ட தர்மம். எங்களுக்கு தர்மம் வேண்டாம். பாக்கி வேண்டும்.

தர்மத்துக்கும் பாக்கிக்கும் உள்ள வித்தியாசம் இருக்கே, அது பணத்தில் தெரியாது. ரெண்டும் அதே நோட்டுதான். ஆனா ஒண்ணு வாங்கும்போது தலை குனியணும், இன்னொண்ணு வாங்கும்போது தலை நிமிர்ந்தே இருக்கும். அடிமை முறையின் அடித்தளமே 'உன் உழைப்புக்கு நான் கொடுக்கிறதுதான் விலை' என்பதுதான். சாட்டையை விட்டுட்டு அந்த ஒரு வரியை மட்டும் அரசாங்கம் வெச்சுக்கிட்டது. அதைத்தான் இவங்க மறுத்தாங்க. கோட்டையில் ஏறுவதற்கு ஒரு மணி நேர ஆவேசம் போதும்னு வெச்சுக்கலாம். பக்கத்து முகாமில் வெள்ளைச் சிப்பாய் சம்பளம் வாங்கி வீட்டுக்கு அனுப்புவதைப் பார்த்துக்கிட்டு, வீட்டிலிருந்து வருகிற கடிதத்தையும் படிச்சுக்கிட்டு, மாசா மாசம் 'வேண்டாம்'னு சொல்ல என்ன வேணும்? அதனால்தான் இதைப் பெரிய வீரம்னு சொன்னேன்.

ஆனா இங்கேயே நிறுத்தினா நானும் படம் எடுத்தவர் செய்த தப்பையே செய்றேன். ஏன்னா இன்னொரு ஆளையும் சொல்லணும்.

வில்லியம் வாக்கர். தெற்கு கரோலினா 3-வது கறுப்பின ரெஜிமெண்டின் சார்ஜண்ட். அடிமையாக இருந்தவர். அவருக்கும் அதே வாக்குறுதி, அதே ஏமாற்றம். 1863 நவம்பரில், அதாவது மாசசூசெட்ஸ் சட்டசபை கூடிய அதே மாசம், தன் கம்பெனி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் கேப்டனின் கூடாரத்துக்கு முன்னால் துப்பாக்கிகளை அடுக்கி வைத்தார். சொன்னபடி சம்பளம் இல்லேன்னா நாங்க சிப்பாய் வேலை பார்க்க மாட்டோம்னு சொன்னார். யாரையும் அடிக்கலை, சுடலை. ராணுவ நீதிமன்றம் அதைக் கலகம்னு தீர்ப்புச் சொன்னது. 1864 பிப்ரவரி 29-ல் ஃப்ளோரிடாவின் ஜாக்ஸன்வில்லில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டது தெற்கத்தியான் இல்லை, அவர் சேர்ந்திருந்த ராணுவம்.

ரெண்டும் ஒரே கோரிக்கை. 54-வது ரெஜிமெண்டுக்கு உலகப் புகழ், வாக்கருக்குத் துப்பாக்கிக் குண்டு. ஏன்? இவர்கள் சம்பளத்தைத்தான் மறுத்தார்கள், டியூட்டியை மறுக்கவில்லை. அது ஒரு முக்கியமான வித்தியாசம், மறுக்கலை. ஆனா அது மட்டும் இல்லை. இவர்களுக்கு ஒரு கவர்னர் இருந்தார். பாஸ்டன் பத்திரிகைகள் இருந்தன. ஜனாதிபதிக்கு எழுதத் தெரிந்த கார்ப்பரல் இருந்தார். ஜனாதிபதியை நேரில் போய்ப் பார்க்கிற அப்பா ஒரு சார்ஜண்டுக்கு இருந்தார். பெரும்பாலானோர் வடக்கில் சுதந்திரமாகவே இருந்தவர்கள். வாக்கருக்குப் பின்னால் இதில் எதுவும் இல்லை. ஒரே தப்பைச் செய்தாலும் தண்டனை ஆளைப் பார்த்துத்தான் வருது. ஒரே நல்லதைச் செய்தாலும் அப்படித்தான். 54-வது ரெஜிமெண்டைப் பாராட்டுகிற யாரும் வாக்கரின் பெயரைச் சொல்லாமல் விடக் கூடாது என்பது என் எண்ணம்.

வாக்கர் சுடப்படுவதற்கு ஒன்பது நாள் முன்னால், அதே ஃப்ளோரிடாவில், ஒலஸ்டீ. வடக்குப் படை படுதோல்வி. பின்வாங்கி ஓடுகிறவர்களுக்குப் பாதுகாப்பாகக் கடைசியில் நின்றவர்களில் 54-வது ரெஜிமெண்டும் ஒன்று. மாசம் ஏழு டாலரையும் மாசசூசெட்ஸ் பேரையும் சேர்த்துக் கிண்டலாக ஜே போட்டுக்கொண்டே களத்தில் இறங்கினார்கள்னு எமிலியோ எழுதி வைத்திருக்கிறார். சாவுக்குப் போகும்போது சம்பளத்தைக் கிண்டல் பண்ற தைரியம்!

தோல்விக்கு அப்புறம், காயம்பட்டவர்களை ஏற்றிய ரயிலின் இஞ்சின் வழியில் படுத்துக்கொண்டது. எதிரி துரத்துகிறான். நடந்தே களைத்து வந்த 54-வது ரெஜிமெண்டைத் திருப்பி அனுப்பினார்கள். கயிற்றைக் கட்டி, தேர் இழுக்கிற மாதிரி, ரயிலையே கையால் இழுத்துக்கொண்டு வந்தார்கள், குதிரைகள் கிடைக்கிற வரைக்கும். பைசா சம்பளம் வாங்காதவர்கள்!

அந்த ஒலஸ்டீயில் காயப்பட்டுப் பிடிபட்டவர்களில் ஒருத்தர் கார்ப்பரல் குடிங். ஆண்டர்சன்வில்னு ஒரு சிறை முகாம், நரகம். 1864 ஜூலை 19-ல் அங்கே செத்தார். அந்த முழுச் சம்பளத்தை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை.

அவர் சாவதற்கு ஐந்து வாரம் முன்னால், ஜூன் 15-ல், வாஷிங்டனில் சட்டம் வந்துவிட்டது. சம சம்பளம். ஆனா அதிலும் ஒரு கொக்கி. 1864 ஜனவரி 1-லிருந்து எல்லாருக்கும் சமம். அதுக்கு முந்தின பாக்கி? போர் தொடங்கிய சமயம், 1861 ஏப்ரல் 19 அன்று யார் சுதந்திர மனிதராக இருந்தாரோ அவருக்கு மட்டும்தான். அன்று அடிமையாக இருந்தவருக்குக் கிடையாது. ஒரே வரிசையில் நின்று ஒரே குண்டை வாங்கியவர்களை ரெண்டாகப் பிரிக்கிற வேலை.

54-வது ரெஜிமெண்டில் அப்படி முன்னாள் அடிமைகளும் கொஞ்சம் பேர் இருந்தார்கள். ஷாவுக்கு அப்புறம் கர்னலாக வந்தவர் எட்வர்ட் ஹாலோவெல். ஃபிலடெல்ஃபியா குவேக்கர் குடும்பம். சத்தியத்தை ரொம்ப மதிக்கிற கூட்டம். அவர் ஒரு உறுதிமொழியைத் தயார் பண்ணினார். 'நான் சுதந்திரமாக இருந்தேன்'னு அதில் இல்லை. 1861 ஏப்ரல் 19-க்கு முன்போ அன்றோ, கூலி இல்லாத உழைப்பை எனக்கிட்டேருந்து வாங்க எந்த மனுஷனுக்கும் உரிமை இருக்கலைன்னு கடவுள் சாட்சியாகச் சொல்லணும்.

யோசிச்சுப் பாருங்க. தெற்கத்திச் சட்டப்படி அவன் அடிமை. ஆனா எந்த மனுஷனுக்கு இன்னொரு மனுஷன்கிட்டே ஓசி உழைப்பு வாங்க உரிமை இருக்கு? யாருக்கும் இல்லை. ஆக, அடிமையாக இருந்தவனும் மனசாட்சியோட சத்தியம் பண்ணலாம். பண்ணினார்கள். அந்தப் போரில் எழுதப்பட்ட வாசகங்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த 'குவேக்கர் சத்தியம்'தான். ஒரு சட்டத்தை ஏமாற்றுகிற மாதிரி இருக்கும், ஆனா அதில் ஒரு பொய் கூடக் கிடையாது.

1864 செப்டம்பர் கடைசியில் பாக்கி மொத்தமும் பட்டுவாடா ஆச்சு. முகாமே திருவிழா. ஆளாளுக்கு வீட்டுக்குப் பணம் அனுப்பினார்கள். பதினெட்டு மாசம், மாசம் 13-ன்னா 234 டாலர். ஏழு டாலர் கணக்கில் வாங்கியிருந்தா 126. வித்தியாசம் 108 டாலர். ஆனா அவர்கள் ஜெயிச்சது அந்த 108 டாலரை இல்லைன்னு உங்களுக்கே தெரியும். முன்னாள் அடிமைகள் நிறைந்த மற்ற ரெஜிமெண்ட்களில், சேரும்போது சம சம்பளம் வாக்குக் கொடுக்கப்பட்டவர்களுக்கும் முழுப் பாக்கி தர 1865 மார்ச்சில் இன்னொரு சட்டம் வந்தது. வாக்கர் கேட்டதும் அதுதான். ஒரு வருஷம் லேட்.

இப்போ அந்தப் படத்துக்கு வருவோம். 'க்ளோரி' மோசமான படம்னு சொல்லமாட்டேன், நாலு தடவை பார்த்திருக்கேன். ஆனா அதில் சம்பள விஷயம் ஒரே ஒரு காட்சி. சிப்பாய்கள் மறுப்பார்கள், உடனே கர்னல் ஷாவும் தன் சீட்டைக் கிழித்துப் போடுவார். முடிஞ்சது. நிஜத்தில் இந்தப் போராட்டத்தின் பெரும்பகுதி ஷா செத்த பிறகு நடந்தது. வெள்ளைக் கதாநாயகன் இல்லாத பகுதி என்பதால்தானோ என்னவோ அதைப் படமாக எடுக்கலை. போதாததுக்கு, படத்தில் முக்கியமான சிப்பாய்களில் பெரும்பாலோர் தப்பி வந்த அடிமைகள். நிஜத்தில் பெரும்பாலோர் வடக்கின் சுதந்திரக் குடிமக்கள்: விவசாயி, மாலுமி, நாவிதர். லூயிஸ் டக்ளஸ் இல்லை. குடிங் இல்லை. அடிமையாக இருந்தவன் வீரனாக மாறினான்னு சொன்னா கதை உருக்கமா இருக்கும். ஏற்கனவே நிமிர்ந்து நின்றவன் கணக்குக் கேட்டான்னு சொன்னா அவ்வளவு உருக்கமா இருக்காது போல.

கல்லிலும் இதே கதைதான். பாஸ்டனில் இவர்களுக்கு ஒரு அற்புதமான வெண்கலச் சிற்பம் இருக்கிறது. செயிண்ட்-கௌடன்ஸ் என்ற சிற்பி செய்தது, 1897-ல் திறந்தார்கள். செத்த வெள்ளை அதிகாரிகளின் பெயர்களை அப்போதே பொறித்துவிட்டார்கள். செத்த சிப்பாய்களின் பெயர்கள் 1980களின் தொடக்கத்தில்தான் ஏறின. எண்பது வருஷத்துக்கு மேல். வாக்னரில் கொடியைத் தரையில் விழவிடாமல், பல குண்டுக் காயங்களோடு தூக்கி வந்த சார்ஜண்ட் வில்லியம் கார்னிக்கு 'மெடல் ஆஃப் ஹானர்' கொடுத்தது 1900-ல். முப்பத்தேழு வருஷம் கழித்து. சம்பளம் மட்டும் இல்லை, இவர்களுக்கு எல்லாமே பாக்கிதான்.

அதனால் என் கட்சி இதுதான். ஒரு படைப்பிரிவின் வரலாற்றை எழுதும்போது எங்கே சண்டை போட்டார்கள், எத்தனை பேர் செத்தார்கள்னு மட்டும் எழுதாதீங்க. என்ன வாக்குக் கொடுத்துக் கூட்டிட்டுப் போனாங்க, அந்த வாக்கைக் காப்பாத்தினாங்களா, கேட்டவனை என்ன பண்ணினாங்க, இதையும் எழுதுங்க. எந்த நாட்டுப் பட்டாளமா இருந்தாலும் சரி. சிப்பாய் சாகிறதைக் கொண்டாட எல்லா அரசாங்கத்துக்கும் தெரியும். அதுக்குச் செலவு கம்மி. அவன் சம்பளத்தைக் கேட்கும்போது என்ன செய்தது என்பதில்தான் அந்த அரசாங்கத்தின் லட்சணம் தெரியும்.

டயரின் அந்தப் பத்தியில் நானா ஒரு வரி சேர்த்துக்கலாம்னா இப்படிச் சேர்ப்பேன்: "1863 ஜூன் முதல் 1864 செப்டம்பர் வரை: குறைந்த கூலி மறுப்பு. வெற்றி."

உங்களுக்கு வேற கருத்து இருந்தா தாராளமா வந்து சண்டை போடுங்க. வாக்னர்தான் பெரிசுன்னு சொல்றவங்க கொஞ்சம் மெதுவா அடிங்க :-)